மஞ்சள் கரு வெளுத்த வருஷம்

போன மாதம் உங்கள் பயிற்சி வகுப்பில் பேசி முடித்ததும் ஒரு பெண் எழுந்து, "மஞ்சள் கருவோட நிறம் பார்க்க இப்ப எங்ககிட்ட அட்டை இருக்கு சார். உங்க காலத்துல எதை வெச்சுப் பாத்தீங்க?" என்று கேட்டாள். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்துவிட்டு மாலையை வாங்கிக்கொண்டு கிளம்பிவிட்டேன். பஸ் ஏறி உட்கார்ந்த பிறகுதான் அந்தப் பெண்ணுக்கு நான் பதில் சொல்லவில்லை என்பது உறைத்தது. நல்ல கேள்வி அது. அதற்கான பதிலை எழுதி அனுப்புகிறேன். கொஞ்சம் நீளும். பொறுத்துக்கொள்ளுங்கள்.

அறுபதுகளின் கடைசியில் நான் தர்மபுரிப் பக்கம் வேலைக்கு வந்தேன். கோழி வளர்ப்பு உதவியாளர் என்று ஆர்டரில் இருக்கும். ஜனங்களுக்கு நான் 'கோழி சார்'. பாப்பாரப்பட்டியைச் சுற்றியும் பென்னாகரம் ரோட்டிலுமாக ஏழு வீடுகளில் வெள்ளை லெகார்ன் கோழி வைத்துக் கொடுத்திருந்தோம். நூறு, நூற்றைம்பது கோழிக்கு மேல் யாரிடமும் கிடையாது. நாட்டுக்கோழி மாதிரி அவிழ்த்துவிடாமல் கொட்டாய்க்குள் அடைத்து, தீவனம் கலந்து போட்டு வளர்ப்பதே அந்த ஊர்களுக்குப் புதிது. ஒவ்வொரு வீட்டுக்கும் சைக்கிளில் போய், என்ன எவ்வளவு கலப்பது என்று எழுதிக் கொடுப்பது என் வேலை.

அந்த ஏழு வீடுகளில் ஒன்று கோவிந்தம்மா அக்காவுடையது. நாற்பது வயது இருக்கும். வீட்டுக்காரர் பெங்களூரில் கட்டட வேலை, பண்டிகைக்குத்தான் வருவார். கோழி முழுக்க அக்காவின் பொறுப்பு. நான் எழுதிக் கொடுத்ததை ஒரு பிடி கூடாமல் குறையாமல் செய்கிறவர் அவர் ஒருவர்தான். மற்றவர்கள் கொஞ்சம் அப்படி இப்படித்தான். இதை ஏன் சொல்கிறேன் என்றால், என் தப்பு முழுசாகப் போய் விழுந்ததும் அவர் தலையில்தான்.

அந்த வருஷம் மழை பொய்த்துவிட்டது. எங்களுக்கு மஞ்சள் மக்காச்சோளம் மைசூர்ப் பக்கத்திலிருந்து லாரியில் வரும். சித்திரையில் லாரி நின்றுபோனது. ஒரு வாரம் பார்த்தேன், இரண்டு வாரம் பார்த்தேன். கோழி காத்திருக்காது இல்லையா? உட்கார்ந்து கணக்குப் போட்டேன். மக்காச்சோளத்துக்குப் பதில் வெள்ளைச் சோளம், அதோடு ஜவ்வரிசி ஆலையில் மிஞ்சும் குச்சிக்கிழங்குத் திப்பி. திப்பியில் புரதம் கிடையாது, அதனால் கடலைப் புண்ணாக்கைக் கூட்டினேன். கருவாட்டுத் தூளையும் கொஞ்சம் ஏற்றினேன். ஏழு வீட்டுக்கும் போய் எழுதிக் கொடுத்தேன்.

முட்டை குறையவில்லை. ஒரு வீட்டிலும் குறையவில்லை. அந்தக் கோடையில் மற்ற வட்டாரங்களில் கோழியை விற்றுக்கொண்டிருந்தார்கள், என் ஏழு கொட்டாயிலும் கூடை கூடையாக முட்டை. எனக்குக் கால் தரையில் பாவவில்லை. அலுவலகத்தில் நாலு பேர் காதில் விழும்படி பேசிக்கொண்டிருப்பேன்.

முட்டைகளை வாங்கிப் போகிறவர் காதர் பாய். தர்மபுரி பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் முட்டைக் கடை. வாரம் ஒருமுறை, பாப்பாரப்பட்டிச் சந்தை நாளில், குதிரை வண்டியில் வந்து வாங்கிப்போய் ஓட்டல்களுக்குக் கொடுப்பார். ஓட்டலில் ஆம்லெட்டாகவும் பொரியலாகவும் போய்விடும். கருவின் நிறத்தை யார் பார்க்கப் போகிறார்கள்? புரட்டாசி நடுவில் அவருக்குப் புதிதாக ஒரு பிரசவ ஆஸ்பத்திரி கிடைத்தது. பிள்ளை பெற்றவர்களுக்குத் தினமும் ஒரு அவித்த முட்டை. அங்கே முட்டையை இரண்டாக அறுத்துத் தட்டில் வைப்பார்கள். வார்டு முழுக்கப் பார்க்கும்.

அந்தப் புரட்டாசிக் கடைசியில் ஒரு சந்தை நாள் நான் அக்கா வீட்டில் இருக்கும்போது பாய் வந்தார். எப்போதும் வெறும் கூடைகளோடு வருகிறவர், அன்று இரண்டு கூடை நிறைய முட்டையோடு வந்தார். வண்டியை விட்டு இறங்கி, கூடையைக் கீழே வைத்து, சத்தம் போடாமல் சொன்னார்.

"தம்பி, ஆஸ்பத்திரியில திருப்பிட்டாங்க. கரு சுண்ணாம்பு மாதிரி இருக்குதாம். சீக்குக் கோழி முட்டைய பிள்ளை பெத்தவங்களுக்குக் குடுக்கிறியான்னு நர்சம்மா கேட்டுட்டாங்க. எனக்கு முகத்தை எங்க வெக்கறதுன்னு தெரியல."

ஒரு முட்டையை எடுத்து அக்காவின் அலுமினியத் தட்டில் உடைத்தார். நான் மாதக்கணக்காக முட்டையை எண்ணிக்கொண்டிருந்தேனே தவிர ஒன்றைக்கூட உடைத்துப் பார்க்கவில்லை. கரு வெளிறிப்போய், மோர் நிறத்துக்குக் கொஞ்சம் மேலே இருந்தது. அவ்வளவுதான்.

நான் என்ன சொன்னேன் தெரியுமா? "பாய், நிறத்துல ஒண்ணுமில்ல. சத்து ஒண்ணுதான். படிச்சவங்க நர்சு, அவங்களுக்கே தெரியலன்னா எப்படி?"

பாய் என்னையே பார்த்தார். "தம்பி, நீங்க சொல்றது புஸ்தகத்துல சரியா இருக்கலாம். திங்கிறவங்க கண்ணால பாத்துட்டுத்தான் வாயில வெப்பாங்க. ஐப்பசி ரெண்டாவது சந்தை வரைக்கும் பாக்கறேன். அதுக்கு மேல இந்த ஏழு வூட்டு முட்டையையும் நான் தொட மாட்டேன். என்னை வையாதீங்க."

அவர் போனதும் அக்காவைப் பார்க்க எனக்குத் தைரியம் வரவில்லை. ஏழு வீட்டுக்கும் வாங்க ஆள் அவர் ஒருவர்தான். 'சீக்குக் கோழி' என்ற பேச்சு ஒருமுறை ஊரில் பரவிவிட்டால் வேறு யாரும் வரமாட்டார்கள்.

அக்கா தட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, "சார், எங்க வூட்டுல திங்கிற முட்டை இப்படி வெளுத்து இல்லீங்களே" என்றார்.

எனக்கு இருந்த படபடப்பில் அது காதில் விழுந்தது, மண்டையில் ஏறவில்லை. மறுநாள் காலை முதல் பஸ்ஸில் அரூருக்குப் போனேன். எங்கள் கால்நடை டாக்டர் அந்த வாரம் அங்கே முகாமில் இருந்தார். பெயர் சொல்ல மாட்டேன், அவருக்குப் பிடிக்காது. அதிகம் பேசாத மனுஷர். அவர் முன்னால் நோட்டை விரித்துப் புரதம், மாவுச்சத்து, சுண்ணாம்பு என்று வரிசையாகச் சொல்லி, அக்கா சொன்னதையும் பேச்சோடு பேச்சாகச் சேர்த்து, எல்லாம் சரியாக இருக்கிறது சார், ஆஸ்பத்திரியில்தான் புரியாமல் பேசுகிறார்கள் என்று முடித்தேன்.

முழுசும் கேட்டார். பிறகு ஒரே கேள்வி.

"கோழிக்குக் கண்ணு எப்படி இருக்கு?"

"கண்ணா சார்?"

"ஆமாய்யா. கண்ணு. தண்ணி ஒழுகுதா? இமை ஒட்டிக்குதா?"

நான் பார்க்கவில்லை. நோட்டை மூடினேன். அவருக்கே புரிந்துவிட்டது.

"மக்காச்சோளம் இருந்தப்ப அதுல மஞ்சள் இருந்துச்சு. அதை நிறுத்திட்டே. சரி, வேற வழியில்ல. அகத்திக் கீரை கட்டித் தொங்கவிடுவாங்களே, அது?"

"கோடையில அகத்தி காஞ்சு போச்சு சார்."

"அதுக்குப் பதிலா?"

"ஒண்ணும் சொல்லல சார்."

அவ்வளவுதான். அதற்கு மேல் அவர் கேட்கத் தேவையில்லை, நான் சொல்லத் தேவையில்லை. திப்பியிலும் வெள்ளைச் சோளத்திலும் மஞ்சளும் இல்லை, கண்ணுக்கான சத்தும் இல்லை. ஐந்து மாதமாகப் பச்சை என்று ஒரு இலைகூட அந்தக் கோழிகளின் அலகில் படவில்லை. என் கணக்கில் அதற்கு ஒரு கட்டமே கிடையாது. நர்சம்மா பயந்ததில் பாதி நிஜம். சத்து ஒன்றுதான் என்று நான் பாயிடம் அடித்துச் சொன்னது பொய்.

மெமோ எழுதுவார் என்று நின்றேன். எழுதவில்லை. "கீரைக்கு வழி பண்ணு, அது கண்ணைக் காப்பாத்திடும். மீன் எண்ணெய் ஒரு டின் தர்றேன், ஏழு வூட்டுக்கும் பிரிச்சுக் குடு. ஆனா அந்த ஆஸ்பத்திரி கேக்கற நிறம், அதுவும் ரெண்டு வாரத்துல, வெறும் கீரையில வருமான்னு எனக்குத் தெரியாது" என்றார். 'எனக்குத் தெரியாது' என்று ஒரு அதிகாரி சொல்லி நான் கேட்டது அதுதான் முதல் தடவை. கிளம்பும்போது கூப்பிட்டார். "அந்தம்மா வூட்டு முட்டை வெளுக்கலன்னு சொன்னதா சொன்னியே. ஏன்னு கேட்டியா?"

கேட்கவில்லை. அரூரிலிருந்து திரும்பும் பஸ் முழுக்க அதுதான் எனக்குக் குத்திக்கொண்டே இருந்தது.

நேரே பாப்பாரப்பட்டி போய் இறங்கினேன். அக்கா கூடத்தைப் பெருக்கிக்கொண்டிருந்தார். உள்ளே போகாமல் முதலில் கொட்டாய்க்குப் போனேன். ஒவ்வொரு கோழியாகப் பிடித்து முகத்தைத் திருப்பிப் பார்த்தேன். பதினெட்டு கோழிக்குக் கண்ணோரம் நீர் கோர்த்திருந்தது. மூன்றுக்கு இமை ஒட்ட ஆரம்பித்திருந்தது. அதன் பிறகுதான் கேட்டேன். "அக்கா, வூட்டுல திங்கிற முட்டை எந்தக் கோழியோடது?"

பின்பக்கம் கூட்டிப்போனார். முருங்கை மரத்தடியில், கால் வளைந்த ஒரு லெகார்ன். மற்ற கோழிகள் கொத்துகின்றன என்று ஆனியிலேயே அதைத் தனியே எடுத்து, பகலில் காலில் கயிறு கட்டி வெளியே விட்டிருக்கிறார். பாத்திரம் கழுவும் இடத்தில் வளர்கிற கீரை, முருங்கை இலை, அது எட்டுகிற தூரத்தில் எது இருந்தாலும் தின்னும். வேலிக்கு அந்தப்பக்கம் பங்காளி வீட்டு செண்டுமல்லித் தோட்டம். பறிக்கும்போது அழுகல், உதிரி எல்லாம் வேலியோரம் கொட்டுவார்கள்.

"இந்தப் பூவுன்னா அதுக்கு உசுருங்க. இதழ மட்டும் கொத்தித் தின்னுட்டு காம்ப வுட்டுரும்" என்றார் அக்கா.

அதன் முட்டை ஒன்று அடுக்களையில் இருந்தது. நேற்று பாய் உடைத்த அதே தட்டில் உடைத்தோம். கரு ஆரஞ்சுச் சுளை நிறத்தில், திரண்டு நின்றது.

அக்காதான் முதலில் சிரித்தார்.

செண்டுமல்லிக்கு அந்த வாரம் பஞ்சமே இல்லை. ஆயுத பூஜை முடிந்த மறுநாள் அந்தப் பூவைக் கேட்க ஆள் கிடையாது. பங்காளி வீட்டில் கூடை கூடையாக எடுத்துக்கொள்ளச் சொல்லிவிட்டார்கள். கீரைக்கும் வழி இருந்தது. புரட்டாசியில் நாலு மழை பெய்து அகத்தி கொஞ்சம் துளிர்த்திருந்தது, கண்ணுக்குப் போதும், நிறத்துக்குப் போதாது. இனி என்ன கஷ்டம் என்று நினைத்தேன். அடுத்த தப்பையும் உடனே செய்தேன்.

பூவைப் பச்சையாகவே தீவனத்தில் கொட்டச் சொன்னேன். இரண்டே நாளில் தொட்டியில் பூஞ்சணம் பிடித்து நாறியது. அக்கா கவனித்து, கோழி தின்னும் முன்னே வாரி எறிந்துவிட்டார். நல்ல வேளை. பிறகு இதழை மட்டும் உருவி வெயிலில் காயப் போட்டோம். வெயிலில் ஒரே பகலில் நிறம் பாதி போய்விட்டது. நிழலில்தான் உலர்த்த வேண்டும். நிழலில் உலர்த்தலாம் என்றால் ஐப்பசி அடைமழை பிடித்துக்கொண்டது. கடைசியில் அக்கா அடுப்புக்கு மேலே இருக்கும் பரணில் சேலையை விரித்து இதழைப் பரப்பினார். சமையல் சூட்டில் உலர்ந்தது. உரலில் இடித்துத் தூளாக்கித் தீவனத்தில் கலந்தபோது, பாய் சொன்ன சந்தை நாளுக்கு இன்னும் நான்கே நாள் இருந்தது.

தினமும் காலையில் போய் ஒரு முட்டையை உடைப்பேன். முதல் நாள் வெள்ளை. இரண்டாம் நாளும் வெள்ளை. ஒரு கரு உருவாகி முடியப் பத்து நாள் ஆகும், இன்று தின்றது நாளைய முட்டையில் முழுசாக வந்துவிடாது என்று படித்தவன்தான் நான். பதறும்போது படித்தது எதுவும் கைகொடுக்காது. உங்களுக்கும் அப்படி ஒரு நாள் வரும்.

இரண்டாம் நாள் மத்தியானம் தர்மபுரியில் ஒரு தீவனக் கடைக்காரரிடம் புலம்பிக்கொண்டிருந்தேன். அவர் உள்ளே போய் ஒரு சின்னப் பொட்டலம் கொண்டுவந்தார். "இதுக்குப் போயி கவலைப்படறீங்களே சார். ஒரு மூட்டைக்கு ஒரு ஸ்பூன் போடுங்க. கரு சும்மா செவசெவன்னு வரும். அங்கங்க போடறதுதான்."

"என்னங்க இது?"

"கலர் பொடி. மிட்டாய்க்குப் போடறாங்க இல்ல, அந்த மாதிரி."

மாதிரி என்றாரே தவிர அதுதான் என்று சொல்லவில்லை. அந்த வித்தியாசம் எனக்குக் கேட்டது. கேட்டும் வாங்கிச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டேன்.

மூன்றாம் நாள் காலையிலும் கரு வெள்ளையாகவே இருந்தது. அக்கா கீரை அறுக்கப் போயிருந்தார். தீவன மூட்டை முன்னால் நின்று பொட்டலத்தைப் பிரித்தேன். எப்படிக் கரைகிறது என்று பார்க்க, கொஞ்சம் உள்ளங்கையில் போட்டுத் தண்ணீர் விட்டுத் தேய்த்தேன். கை ரத்தச் சிவப்பானது. கழுவினேன், போகவில்லை. சோப்புப் போட்டேன். சாம்பல் போட்டுத் தேய்த்தேன். தோல் எரிந்ததே தவிர நிறம் அசையவில்லை.

அக்கா அகத்திக் கட்டோடு வந்தவர் என் கையைப் பார்த்துப் பயந்துவிட்டார். "அய்யோ, என்னாச்சுங்க சார்? வெட்டிக்கினீங்களா?"

சொன்னேன். மறைக்க எனக்குத் தெம்பு இல்லை.

கட்டைக் கீழே வைத்தார். "சார், இத்தன தேய்ச்சும் உங்க கையிலருந்து போவலியே. பிள்ளை பெத்தவ வயித்துக்குள்ள போனா எப்படிங்க போவும்? அவ பால் குடுக்கறவளாச்சே?"

அவர் கோபமாகக் கேட்கவில்லை. நிஜமாகவே பதில் தெரிந்துகொள்ளக் கேட்டார். பொட்டலத்தைக் கொண்டுபோய்க் கொல்லையில் ஆழமாகக் குழி வெட்டிப் புதைத்தேன்.

மறுநாள் சந்தை. காலை பத்து மணிக்குப் பாயின் வண்டி வந்தது. கையை வேட்டி மடிப்பில் ஒளித்துக்கொண்டுதான் நின்றேன். வணக்கம் சொல்லத் தூக்கியதும் மாட்டிக்கொண்டேன்.

"என்ன தம்பி, மருதாணியா? கல்யாணமா, எங்களுக்குச் சொல்லலியே?"

சிரித்துச் சமாளித்திருக்கலாம். அவர் முகத்தைப் பார்த்ததும் எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். மக்காச்சோளத்தை நிறுத்தியதும் கீரையை மறந்ததும் என் தப்பு, அன்றைக்கு சத்து ஒன்றுதான் என்று உங்களிடம் சொன்னது தெரியாமல் சொன்னது, பூ போட ஆரம்பித்து நாலு நாள்தான் ஆகிறது, இன்னும் நிறம் வரவில்லை, சாயம் வாங்கினேன், போடவில்லை. இவ்வளவையும் ஒரே மூச்சில் சொன்னேன்.

பாய் தலையைத் தடவிக்கொண்டார். "இன்னிக்கு இட்ட முட்டை ஒண்ணு அவிச்சு அறுத்துக் காட்டுங்க. ஆஸ்பத்திரியில அப்படித்தானே பாக்கறாங்க."

அக்கா அவித்தார். நூலால் இரண்டாக அறுத்துத் தட்டில் வைத்தார். நடுவில் கரு வெளுப்பாகவே இருந்தது.

பாய் ஒரு பாதியை எடுத்துக்கொண்டு வாசலுக்குப் போனார். வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டி, மறுபடியும் பார்த்தார்.

"தம்பி, இங்க வாங்க. இது என்னா, ஓரத்துல?"

போய்ப் பார்த்தேன். வெளுத்த கருவின் விளிம்பைச் சுற்றிலும் நூல் அளவுக்கு ஒரு மஞ்சள் வளையம். கரு உள்ளிருந்து வெளியே அடுக்கடுக்காக வளர்கிறது. கடைசி நாட்களின் அடுக்கில் பூ ஏறியிருந்தது. இதைத்தான் நான் படித்திருந்தேன். மூன்று நாளாகப் பச்சை முட்டையை உடைத்து உடைத்துப் பார்த்தவனுக்கு, அவித்து அறுத்துப் பார்க்கத் தோன்றவில்லை. அவ்வளவு மெல்லிய அடுக்கு, உடைத்த கருவில் உள் வெளுப்போடு சேர்ந்து கண்ணுக்குத் தெரியாது.

"உள்ள வெளுப்பு பழைய தீனி பாய், ஓரத்துல மஞ்சள் புதுத் தீனி. இன்னும் ஒரு வாரம் போனா முழுசும் ஏறிடும்" என்றேன்.

பாய் அந்தப் பாதி முட்டையை வாயில் போட்டுக்கொண்டார். மென்று முடித்துவிட்டுச் சொன்னார். "சாயம் போட்ட கரு நான் பாத்திருக்கேன் தம்பி. வேற ஊர்ல ஒருத்தர் குடுத்தாரு. பார்வையிலயே தெரிஞ்சுடும். இன்னிக்கு நீங்க அதைக் காட்டியிருந்தா வண்டிய அப்படியே திருப்பிக்கினு போயிருப்பேன். ஒரு வாரம்தானே? இந்த வார முட்டை ரொட்டிக் கடைக்குப் போவட்டும். அவங்க மாவுல அடிச்சுப் போடறவங்க, எல்லாத்தையும் உள்ளபடி சொல்லியே குடுக்கறேன். அடுத்த வாரம் நீங்களே ஆஸ்பத்திரிக்கு வாங்க."

ஒரு வாரம். அந்த மனுஷர் அன்று எனக்குக் கொடுத்தது அதுதான். அந்த ஒரு வாரம் கிடைக்காமல் போயிருந்தால், நான் இந்தத் தொழிலில் முப்பது வருஷம் இருந்திருக்க மாட்டேன்.

அடுத்த வாரம் அக்காவும் வருகிறேன் என்றார். தன் முட்டை போகும் இடத்தை அவர் பார்த்ததே இல்லை. பஸ்ஸில் கூடையை மடியிலேயே வைத்துக்கொண்டு வந்தார். ஆஸ்பத்திரிச் சமையற்கட்டில் நர்சம்மா கையைக் கட்டிக்கொண்டு நிற்க, சமையல்காரம்மா முட்டைகளை அவித்து அறுத்துக்கொண்டே போனார். ஒன்று, இரண்டு, ஐந்து. ஓரம் முதல் நடு வரை மஞ்சள். ஆறாவதில் நர்சம்மா, "போதும்மா, எல்லாத்தையும் அறுத்துடாத, எடுத்துக்கினு போய்க் குடு" என்றார். அக்காவைப் பார்த்து, "உங்க கோழியா?" என்றார்.

"ஆமாங்கம்மா. சீக்கு இல்லீங்க. தீனியில கொற இருந்துச்சு, சரி பண்ணிட்டோமுங்க."

சரி பண்ணிட்டோம் என்றார். யார் குறை என்று சொல்லவில்லை.

வெளியே வந்ததும், "அக்கா, மத்த ஆறு வூட்டுக்கும் இன்னிக்கே போகணும்" என்றேன். கீரைக்கும் மீன் எண்ணெய்க்கும் அவர்களுக்கு முன்பே ஆள் விட்டுச் சொல்லியிருந்தேன். ஆனால் ஏன் என்று சொல்லவில்லை. மழையினால் கொஞ்சம் மாற்றுகிறோம் என்று பூசி மெழுகிவிட்டேன். அது உறுத்திக்கொண்டே இருந்தது. காரணம் தெரியாதவர்கள் நாலு நாள் போடுவார்கள், பிறகு விட்டுவிடுவார்கள். கோழிக்குக் கண் போகும்.

"நானும் வரேன்" என்றார் அக்கா.

ஐந்து வீட்டில் பெரிதாகத் தொந்தரவு இல்லை. முகம் சுளித்தார்கள், கேட்டுக்கொண்டார்கள். கடைசி வீடு பென்னாகரம் ரோட்டில் மாதப்பன் என்பவருடையது. சீக்குக் கோழிப் பேச்சு அவர் காதுக்கு எட்டி, பயந்து, முந்தின வாரம்தான் பாதிக் கோழியைக் கறிக்கு விற்றிருந்தார். வேலிப் படலைத் திறக்கவில்லை. படலுக்கு அந்தப்பக்கம் நின்றே கேட்டார்.

"உங்க பேச்சைக் கேட்டுத்தானே இந்தக் கதி? இப்ப பூவப் போடு, இலையப் போடுன்னு வந்து நிக்கறீங்க. இதையாவது எப்படிங்க நம்பறது?"

நியாயமான கேள்வி. நான் தலையைக் குனிந்துகொண்டு, "தப்பு என்னோடதுங்க. நான் சொன்ன தீனியில கொற இருந்துச்சு. உங்க கோழி போனதுக்கு நான்தான் காரணம்" என்றேன். திரும்பி நடக்கப் பார்த்தேன்.

அக்கா நகரவில்லை. கூடையிலிருந்து, ஆஸ்பத்திரியில் அறுத்து மிச்சமிருந்த ஒரு பாதி முட்டையை எடுத்தார். வாழை இலைத் துண்டில் மடித்து வைத்திருந்தார். அதைப் படலுக்கு மேலே நீட்டினார்.

"அண்ணா, எனக்கும் இதே தீனிதான் எழுதிக் குடுத்தாரு. என் முட்டைதான் மொதல்ல திரும்பி வந்துச்சு. தப்பா சொல்லிட்டேன்னு அவரே ஒவ்வொரு வூடா வந்து சொல்லிக்கினு இருக்காரு. யாரும் கேக்கல, அவரா வராரு. அப்படிப்பட்டவரு இப்ப ஒண்ணு சொன்னா நான் நம்புவேன். நீங்க உங்க இஷ்டம்."

மாதப்பன் முட்டையை வாங்கிப் பார்த்தார். என்னைப் பார்த்தார். பிறகு படலைக் கட்டியிருந்த கயிற்றை அவிழ்த்தார்.

"உள்ள வாங்க சார். மிச்சம் இருக்கறதுங்க கண்ணைக் கொஞ்சம் பாருங்க" என்றார்.